நூலிற் சுழலும் சில்லு

கொழும்பிலிருந்து வடக்கே புத்தளம் செல்லும் பெருவீதியில், நகரை எட்டுவதற்குச் சிறிது முன்னர், மேற்கே கற்பிட்டிக்கு ஒரு வீதி பிரிந்து செல்கிறது. அச்சந்தியே பாலாவி. களப்போரத்து உப்பளங்களாலும், புகையிரத நிலையத்தாலும், அண்மையிலுள்ள சீமெந்து ஆலையாலும் அறியப்பட்ட ஊர் அது. சந்தி என்றால் கடை இருக்கும்; கடை என்றால் சோடா இருக்கும்; சோடா என்றால் கடைவாசலில் மூடிகள் சிந்திக் கிடக்கும். பெரியவர்கள் காலால் ஒதுக்கிவிட்டுப் போகும் அந்தத் தகர மூடியைச் சிறுவன் ஒருவன் குனிந்து எடுப்பானாயின், அவன் எடுத்தது குப்பையன்று. ஓர் இயந்திரத்தின் பிரதான உறுப்பு.

அந்த இயந்திரத்தை அறியாத தமிழ்ப் பிள்ளை அரிது. மூடியைக் கல்லின்மேல் வைத்துத் தட்டித் தட்டித் தட்டையாக்குவர். நடுப்புள்ளிக்கு இருமருங்கிலும் சம தூரத்தில் ஆணியால் இரண்டு துளைகள் இடுவர். முழங்கை நீளத்துக்கு இருமடங்கான நூலை ஒரு துளை வழியே செலுத்தி, மற்றத் துளை வழியே மீட்டு, நுனிகளை முடிந்துவிட்டால் வேலை தீர்ந்தது. தையல் நூல் விரைவில் அறும். வலை முடியும் நூல் தாங்கும். களப்பில் வலைதொழில் செய்வோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குக் குறைவில்லை. பிளாஸ்ரிக் போத்தல்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில் தகர மூடி முன்போல் அகப்படுவதில்லை. எனினும் பெரிய சட்டைப் பொத்தானோ வட்டமாக வெட்டிய தடித்த அட்டையோ அதன் இடத்தை எளிதாக நிரப்பும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினர். கையில் ஒன்றும் கொண்டுவர இயலாதவர்களாய் வந்தவர்கள் அவர்கள். எங்கிருந்தும் கொண்டுவரத் தேவையில்லாத விளையாட்டுப் பொருள் உலகில் உண்டென்றால், அது இந்தச் சில்லாகத்தான் இருக்கும்.

இரு கைகளின் விரல்களிலும் நூலை மாட்டி, சில்லை நடுவே தொங்கவிட்டுச் சில தடவை சுற்றினால் நூல் முறுக்கேறும். பின்னர் கைகளை அகல இழுக்க, முறுக்கு அவிழும். அவிழும் முறுக்கு சில்லைச் சுழற்றும். முறுக்கு முழுவதும் அவிழ்ந்த பின்னும் சில்லு நிற்பதில்லை. ஓடத் தொடங்கிய பொருள் தானே நிற்க மாட்டாது என்ற இயற்கை விதிப்படி அது மேலும் சுழன்று, நூலை எதிர்ப்புறமாக முறுக்கிவிடுகிறது. அவ்வேளை கைகள் சற்று இளகிக் கொடுக்க வேண்டும். பின் மறுபடி இழுக்க வேண்டும். ஊஞ்சலில் இருப்பவரைத் தள்ளுபவர் எந்தக் கணத்தில் தள்ளவேண்டும் என்பதை எவரும் அவருக்குக் கற்பிப்பதில்லை; இங்கும் அவ்வாறே. சில்லு விர்ரென்று இரையத் தொடங்கியதும் கை தானாகவே தாளத்தைக் கண்டுகொள்கிறது. வேகம் கூடக் கூட இரைச்சலின் சுருதியும் ஏறும்.

இவ்விளையாட்டின் வேகம் எவ்வளவு என்று அண்மைக்காலம் வரை எவரும் கருத்தோடு அளந்து பார்க்கவில்லை. இந்தியாவின் மீரட் நகரிற் பிறந்து, அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் அதனை அளந்தனர். நூலும் கடதாசித் தட்டும் கைப்பிடியும் கொண்டு அவர்கள் செய்த சில்லு நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுழன்றது. அதாவது செக்கனுக்கு 2,000 சுற்றுக்கு மேல். அவ்வளவு வேகத்திற் சுழலும் தட்டில் ஒரு துளி இரத்தத்தை நுண்குழாயில் அடைத்து ஒட்டினால், பாரமான செங்குருதிக் கலங்கள் வெளிவிளிம்புக்கு ஒதுங்க, தெளிந்த நீர்ப்பகுதி உட்புறம் தங்கும். மின்சாரத்தால் இயங்கும் விலைமிக்க சுழற்றி செய்யும் வேலையை, இரண்டு கிராம் நிறையுள்ள கடதாசிச் சில்லு ஒன்றரை நிமிடத்துக்குள் செய்து முடித்தது. மலேரியாக் கிருமியைப் பிரித்தெடுக்கப் பதினைந்து நிமிடம் போதுமாயிருந்தது. 2017ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளியாயிற்று. தட்டு ஒன்றுக்கு ஆகும் செலவு அமெரிக்க நாணயத்தில் 20 சதம்.

உலர் வலயத்தில் வாழ்ந்த முதியவர்களுக்கு மலேரியா என்ற சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நடுக்கமும், கசப்பான குளிசையும், வருந்தோறும் வெறுமையான வகுப்பு வாங்குகளும் அவர்களுக்கு நினைவிருக்கும். இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் இனங்காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் மின்சாரம் எட்டாத கிராமங்களில் அந்நோய் இன்றும் குடிகொண்டிருக்கும் நாடுகள் பலவுண்டு. அந்நாடுகளின் மருத்துவ நிலையத்துக்கு இன்று சொல்லப்படும் கருவியைப் பாலாவிச் சிறுவன் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறான். அவனுக்கு அது தெரியாது என்பதில் வியப்பில்லை. அவனுக்குக் கற்பிப்பவர்களுக்கும் அது தெரியாதிருப்பதே சிந்திக்கத் தக்கது.

காதுக்கு இரைச்சல், கண்ணுக்கு என்ன? இங்கே ஒரு சிறு வேடிக்கை உண்டு. சில்லு நூலுக்குக் குறுக்கே நிற்பதால், இரு கைகளையும் பக்கங்களில் விரித்து விளையாடுபவனுக்கு அதன் விளிம்பே தெரியும், முகம் தெரியாது. காட்சி முழுவதும் பக்கத்திலே, அவன் கையருகே நிற்கும் தோழனுக்கே கிடைக்கிறது. சில்லின் முகத்தில் நிறந்தீட்டிவிட்டால் இந்த வேற்றுமை உடனே புலனாகும். இழுப்பவன், “என்ன தெரியுது?” என்று கேட்பான், நிற்பவன் சொல்லுவான். ஒருவன் செய்ய மற்றவன் காண்பதும், கண்டதைச் சொல்லக் கேட்பதும் இந்த விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கின்றன. (தகரத்துக்கு நிறந்தீட்டி அருகில் ஒருவரை நிறுத்துவது கூடாது. நூல் அறுந்தால் தகர விளிம்பு கத்தியாகும். விளிம்பைத் தீட்டி, ஒருவர் நூலை ஒருவர் அறுக்கும் போட்டியும் பிள்ளைகளிடையே உண்டு. கண்ணுக்குக் கேடு தரும் அதனைத் தடுப்பதே பெரியோர் கடமை. நிறத்துக்கு அட்டைதான் ஏற்றது.)

அட்டை வட்டத்தை ஏழு கூறுகளாகப் பிரித்து, வானவில்லின் ஏழு நிறங்களையும் தீட்டிச் சுழற்றினால் வெண்மை தோன்றும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. அதற்கு நியூற்றன் தட்டு என்று பெயரும் உண்டு. நியூற்றன் தமது ஒளியியல் நூலில் வரைந்தது வட்டப் படம் மட்டுமே; சுழலும் தட்டு பின்வந்தோர் செய்தது. அது நிற்க, வீட்டில் நிறப் பென்சிலால் தீட்டிச் சுழற்றிப் பார்த்த பிள்ளை எவரும் வெள்ளையைக் கண்டதில்லை. அவர்கள் காண்பது சாம்பல் நிறம். சற்று மண்ணிறம் கலந்த சாம்பல் என்றும் சொல்லலாம்.

பிள்ளை “சாம்பல்” என்கிறது. புத்தகம் “வெள்ளை” என்கிறது. பரீட்சைத் தாளில் பிள்ளை எதை எழுத வேண்டும்? வெள்ளை என்றே எழுதும், புள்ளியும் பெறும். அந்தப் புள்ளிக்காக அது கொடுத்த விலை சிறிதன்று. தன் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, காணாததைக் கண்டதாக எழுதப் பழகிவிட்டது. விஞ்ஞானம் என்ற பெயரால் இந்தப் பழக்கம் ஊட்டப்படுவது போன்ற முரண் வேறில்லை.

உண்மையில் சாம்பல் என்ற விடையே சரியானது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. சிவப்புப் பூச்சு தன்மேல் விழும் ஒளியிற் சிவப்பை மட்டும் பெரும்பாலும் திருப்பியனுப்பி, எஞ்சியதை விழுங்குகிறது. ஒவ்வொரு பூச்சும் இவ்வாறு விழுங்குகிறது. சுழலும்போது இவற்றின் சராசரியே கண்ணை எட்டுமாதலால், நிறச்சாயல் ஒன்றையொன்று சமன்செய்து மறைந்தாலும், பிரகாசம் வெள்ளைக் கடதாசியின் அளவுக்கு உயர வழியில்லை. பிரகாசங் குறைந்த வெண்மைக்குச் சாம்பல் என்று பெயர்.

இதை நியூற்றன் அறியாதவரல்லர். மஞ்சள், ஊதா, நீலம், பச்சை முதலிய பொடிகளைக் கலந்து பார்த்து, கிடைத்தது சாம்பல் போன்ற ஒன்றே என்பதை அவர் 1704இல் வெளிவந்த தமது நூலில் ஒளிக்காமற் கூறியிருக்கிறார். அடுத்து அவர் செய்ததுதான் அழகானது. அந்தப் பொடியை அறைத் தரையில் வெயில் விழும் இடத்திற் பரப்பி, அதன் பக்கத்தில் நிழலிலே வெள்ளைக் கடதாசி ஒன்றை வைத்தார். பன்னிரண்டடி, பதினெட்டடி விலகி நின்று பார்த்தபோது பொடி வெள்ளையாகவே தோன்றிற்று. அச்சமயம் நண்பர் ஒருவர் வந்தார். நியூற்றன் அவரை வாயிலிலேயே நிறுத்தி, அவை இன்னின்ன பொருள்கள் என்றோ, தாம் செய்துகொண்டிருப்பது இன்னது என்றோ ஒரு சொல்லும் சொல்லாமல், இவ்விரண்டு வெண்மையில் எது சிறந்தது என்று கேட்டார். இரண்டும் நல்ல வெண்மையே. அவ்வளவு தூரத்தில் வேற்றுமை சொல்ல இயலவில்லை என்றார் நண்பர்.

சொல்லுமுன் கேட்டார் என்பதே இங்கு கவனிக்கத் தக்கது. தரையில் இருப்பது நிறப்பொடிக் கலவை என்று முன்பே அறிவித்திருந்தால் நண்பரின் கண் சற்று வேறுவிதமாய்ப் பேசியிருக்கும். பாலாவியின் வெயிலுக்கு இங்கிலாந்தின் வெயில் ஈடாகாது. உப்பளத்து வெளியில், கரிய துணி ஒன்றைப் பின்னணியாகப் பிடித்து, கொளுத்தும் வெயிலிற் சில்லைச் சுழற்றினால் சாம்பல் வெள்ளையை நெருங்கும். வகுப்பறை நிழலுக்குக் கொண்டுவந்தால் மறுபடி சாம்பலாகும். இரண்டையும் காட்டி, இரண்டுக்கும் பெயர் கேட்டு, அதன் பின்னரே புத்தகத்தைத் திறப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஆய்வுகூடம் இல்லையே என்ற குறையுள்ள பாடசாலைக்கு வெயிலும் அட்டையும் நூலும் என்றும் குறைவதில்லை.

சுழலும் நிறத்தைப் பற்றிச் சிந்தித்தவர்களில் நியூற்றன் முதல்வரல்லர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தொலமி இதனைக் குறித்திருக்கிறார். அவரினும் ஆழமாக ஆராய்ந்தவர், ஏறத்தாழ 965இல் பஸ்றாவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். பல நிறக் கோடுகள் தீட்டிய பம்பரத்தை வேகமாகச் சுழலவிட்டால், அந்நிறங்களில் எதுவுமல்லாத, எல்லாம் கலந்தாற்போன்ற ஒரே நிறம் தெரிவதை அவர் தமது ஒளியியற் பெருநூலில் எழுதினார். அதிலிருந்து அவர் பெற்ற முடிவு நுட்பமானது. நிறத்தைக் கண் உணர்வதற்குக் காலம் வேண்டும். அக்காலம் எத்துணை சிறிதாயினும் வேண்டும். அது கிடைக்காதபோது நிறங்கள் தனித்தனியே அறியப்படாமற் கலந்துபோகின்றன என்பது அம்முடிவு. புத்தளத்து மத்ரஸாக்களில் அரபு பயிலும் மாணவர் தம் கையிலுள்ள பம்பரத்தின் விஞ்ஞானத்தை அந்த மொழியிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிவைத்தார் என்று அறிந்தால் எவ்வளவு மகிழ்வர்!

நம் மரபிலும் இதன் உறவினர் உண்டு. எரியும் கொள்ளியை இருளிற் சுழற்றினால் நெருப்பு வளையம் தோன்றும்; தமிழில் அதற்குக் கொள்ளிவட்டம் என்று பெயர். கௌடபாதர் தமது மாண்டூக்கிய காரிகையின் நான்காம் பகுதிக்குக் கொள்ளியையே பெயராக வைத்து, தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள உறவை விளக்க அதனை உவமையாக்கினார். வேதாந்தி தோற்றத்தைக் கண்டு அதன் பின்னாலுள்ள மெய்ப்பொருளைத் தேடினார்; பம்பரத்தைச் சுழற்றியவர் அத்தோற்றம் எழும் வழியைத் தேடினார். கேள்வி வேறு, தொடங்கிய இடம் ஒன்று.

இனி, நூலிற் சுழலும் மற்றொரு விளையாட்டு. இதில் அட்டையின் நடுவிலன்றி, இடம் வலம் ஆகிய இரு ஓரங்களிலும் துளையிட்டு நூல் கட்டுவர். நூல்களை விரல்களுக்கிடையே உருட்ட, அட்டை முன்பின்னாகப் புரண்டு புரண்டு சுழலும். முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் ஒன்றன்மேலொன்று ஏறி ஒரே படமாகத் தோன்றும். இதன் பிறப்பைப் பற்றி, கணிப்பொறியின் முன்னோடியான சாள்ஸ் பாபேஜ் 1864இல் வெளியிட்ட தமது வாழ்க்கை நூலில் ஒரு கதை சொல்கிறார். வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷல் ஒருநாள் அவரிடம், ஒரு நாணயக் குற்றியின் இரு பக்கங்களையும் ஒரே நேரத்திற் காட்ட முடியுமா என்று கேட்டாராம். பாபேஜ் நாணயத்தைக் கண்ணாடியின் முன் பிடித்துக் காட்டினார். ஹேர்ஷல் தலையசைத்துவிட்டு, நாணயத்தை மேசையிற் சுண்டிச் சுழலவிட்டார். இதைக் கேள்வியுற்ற பிற்றன் என்ற நண்பர் அட்டையும் நூலும் கொண்டு அதனையே செய்து காட்டினார். ஒருபுறம் பறவை, மறுபுறம் கூடு. சுழற்றினால் கூட்டினுள் பறவை. ஆனால் 1825இல் இலண்டன் கடைகளில் அது விற்பனைக்கு வந்தபோது வெளியிட்டவர் ஜோன் அயற்றன் பாரிஸ் என்ற மருத்துவர். கிரேக்க மொழியில் வியப்பையும் திருப்பத்தையும் குறிக்கும் இரு சொற்களைச் சேர்த்து ‘தோமற்றோப்’ என்று அவர் பெயரிட்டார். கண்டுபிடித்தவர் எவர் என்ற வழக்கு அன்று தொட்டுத் தீரவில்லை. பிரான்சின் லோஜெரி பாஸ் என்னும் இடத்தில் கிடைத்த, நடுவே துளையும் இருபுறமும் விலங்குருவமும் உடைய பழங்கற்கால எலும்பு வட்டமும் இத்தகைய விளையாட்டே என்று 2012இல் இரு ஆய்வாளர் கருத்துரைத்தனர். அக்கருத்து ஏற்கப்படுமாயின் இலண்டன் வழக்கு பல்லாயிரம் ஆண்டு தாமதமான வழக்காகிவிடும்.

பறவையும் கூடும் இலண்டனுக்குப் பொருந்தும். புத்தளம், கற்பிட்டி வீதிகளில் இன்றும் கழுதைகள் உரிமையோடு உலவுகின்றன. பாலாவிப் பிள்ளை அட்டையின் ஒரு பக்கத்திற் கழுதையையும் மறு பக்கத்தில் உப்பு மூடையையும் வரையட்டும். கழுதை முதுகில் மூடை ஏறவேண்டும், அதுவே எதிர்பார்ப்பு. பிள்ளை கழுதையைத் தாளின் நடுவில் வரைந்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல அட்டையைப் புரட்டி, முதுகு வரக்கூடிய உயரத்தில் மூடையை வரைகிறது. நூல் கட்டிச் சுழற்றுகிறது. மூடை முதுகில் இல்லை. கழுதையின் வயிற்றின் கீழே தலைகீழாகத் தொங்குகிறது! வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்குமுன் ஆசிரியர் விடையைச் சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டது. ஐந்து நிமிடம் வாளாவிருந்தால் போதும். எவரோ ஒரு பிள்ளை அட்டையை மெதுவாக, அரைச் சுற்றாக உருட்டிப் பார்க்கும். அட்டை இடம் வலமாகப் புரளவில்லை, மேல் கீழாகப் புரளுகிறது என்று கண்டுகொள்ளும். மூடையைத் தலைகீழாக வரைந்தால் அது நேராக ஏறும். அச்சு என்றால் என்ன, அச்சைப் பற்றிய சுழற்சியில் எது மாறும் எது மாறாது என்ற கேத்திரகணிதப் பாடம், கரும்பலகையில் ஒரு கோடும் கீறப்படாமலே முடிந்துவிடுகிறது.

இரண்டு படம் ஏன் ஒன்றாகத் தோன்றுகிறது என்று கேட்டால், ‘பார்வை நிலைப்பு’ என்ற விடை ஆயத்தமாக வரும். ஒளி மறைந்த பின்னும் அதன் பதிவு விழித்திரையிற் சிறிதுநேரம் தங்குகிறது என்பது பொருள். இது பொய்யன்று. நண்பகலில் வெண்மை பளீரிடும் உப்புக் குவியலைப் பார்த்துவிட்டுக் கிடுகுக் கொட்டகையின் இருளுக்குள் நுழைபவர் கண்முன் அக்குவியலின் உருவம் மிதப்பதைக் காண்பர். பதிவு தங்குவதற்கு அதுவே சாட்சி. ஆனால் எல்லாக் கேள்விக்கும் இவ்வொரு விடை போதுமென்று எண்ணுவதுதான் பிழை. பதிவு தங்குவது மட்டுமே காரணமென்றால், சினிமாத் திரையில் செக்கனுக்கு 24 படங்கள் அடுத்தடுத்து விழும்போது, அவை ஒன்றன்மேலொன்று படிந்து குழம்பியன்றோ தெரியவேண்டும்? நடப்பவர் நடப்பதாகத் தெரிவது எங்ஙனம்?

இக்கேள்வியை விடாது பற்றியவர் மக்ஸ் வேர்தைமர். விடுமுறைப் பயணத்தின் நடுவே பிராங்பேட் நகரில் இறங்கி, சுழலும் படப் பொம்மையொன்றை விலைக்கு வாங்கி, விடுதி அறையிலேயே பரிசோதனை தொடங்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். 1912இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இரு கோடுகளை அடுத்தடுத்துத் தக்க இடைவெளியிற் காட்டினால், இடையில் எதுவும் இல்லாதபோதும் ஒரே கோடு நகர்வதாக மனிதர் காண்கின்றனர் என்பதை நிறுவியது. நகர்ச்சி திரையிலும் இல்லை, விழித்திரையிற் படிந்த கறையிலும் இல்லை. இடைவெளியை நிரப்பும் மூளையின் வேலை அது. ஆகவே கழுதையும் மூடையும் கலப்பதற்குக் காரணம் ஒன்று. திரையில் கழுதை நடப்பதற்குக் காரணம் மற்றொன்று. ஒரே பெயரை இரண்டுக்கும் சூட்டிவிட்டால், கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி பிறவாமலே மடிந்துவிடுகிறது.

வேலியோரம் நிற்பவருக்கும் இத்தகைய கேள்வி கிடைக்கும். இடைவெளிவிட்டு நட்ட தடி வேலியின் ஊடாக, வீதியிற் செல்லும் துவிச்சக்கரவண்டியின் சில்லைப் பார்த்தால், நேரான கம்பிகள் வளைந்தவைபோலத் தோன்றும். 1824இல் பீற்றர் மார்க் றோஜே என்ற இங்கிலாந்து மருத்துவர் வண்டிச்சில்லில் இதனைக் கண்டு, கணக்கிட்டு விளக்கிக் கட்டுரை வாசித்தார். அந்த வழியிலே மேலும் சென்ற பெல்ஜிய அறிஞர் யோசேப் பிளாத்தோ, 1832இல் விளிம்பில் வெட்டுகளும் முகத்திற் படங்களும் உடைய தட்டைச் செய்து, கண்ணாடி முன் சுழற்றி, வரைந்த உருவங்களை ஆடச் செய்தார். சினிமாவின் தாய்வீடு அந்தத் தட்டுத்தான். பிளாத்தோ பின்னாளிற் கண்ணொளியை முற்றாக இழந்தார். இளமையில் அவர் சூரியனை உற்றுப் பார்த்துப் பரிசோதனை செய்ததே காரணமென்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கண்ணின் உள்ளழற்சியே காரணமென்று பிற்கால மருத்துவர் கருதினர். எதுவாயினும் சூரியனை நேரே பார்க்கலாகாது என்ற எச்சரிக்கையில் மாற்றமில்லை. குருடரான பின்னும் அவர் ஆய்வை நிறுத்தவில்லை. மகனும் மருமகனும் உடனிருந்தோரும் செய்து காண, அவர்கள் கண்டதைக் கேட்டுக் கேட்டே எழுதினார்.

கடைசியாக, வெள்ளையும் கறுப்பும் மட்டுமே கொண்டு நிறம் காட்டும் விந்தை. 1894இல் சாள்ஸ் பெனம் என்ற ஆங்கிலேயர் இதனைப் பம்பரமாக வெளியிட்டார். அதற்கு 56 ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மானியரான பெஹ்னர் இத்தகைய நிறங்களைக் கண்டிருந்தார். வட்டமான வெள்ளை அட்டையில் ஒரு பாதியை முழுவதும் கறுப்பாக்க வேண்டும். மறு பாதியில், நடுவை மையமாகக் கொண்ட சிறு வில்வளைவுகளைக் கறுப்பு மையினால், மும்மூன்றாக, உள்ளிருந்து வெளியே படிப்படியாக இடம்பெயர்ந்து செல்லுமாறு வரைய வேண்டும். நடுவில் தீக்குச்சியைச் செருகி மேசையில் சுழலவிடலாம். நூற்சில்லின் வேகம் இதற்கு மிகை. செக்கனுக்கு ஐந்து முதல் பத்துச் சுற்று போதும். மெல்லச் சுழலும்போது, கறுப்பு வளையங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மங்கிய சிவப்பும் பச்சையும் நீலமும் தோன்றும். அட்டையில் நிறம் ஒரு துளியும் இல்லை. வெவ்வேறு நிறங்களுக்குரிய கண்ணின் வழிகள் வெவ்வேறு வேகத்தில் விடையிறுக்கின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆயினும் அதன் நுட்பங்கள் முழுவதும் அறிஞரிடையே இன்னும் முடிந்த முடிவாகவில்லை.

பரீட்சைக்கு இது வாராது. வந்தாலும் ஒரே விடையை எதிர்பார்க்க இயலாது. ஏனெனில் எல்லோரும் ஒரே நிறத்தைக் காண்பதில்லை. ஒரு பிள்ளை உள்வளையம் சிவப்பு என்கிறது. பக்கத்திலிருக்கும் பிள்ளை இல்லை, மண்ணிறம் என்கிறது. மூன்றாவது பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல அது அஞ்சவுமில்லை. மூவர் பெயரும், ஒவ்வொன்றின் எதிரே அவரவர் கண்டதும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. அதற்குள் நான்காவது பிள்ளை ஒன்று, எவரும் சொல்லாமலே, பம்பரத்தை எடுத்து மறுபுறமாகச் சுழற்றிவிடுகிறது. உள்ளே இருந்த சிவப்பு வெளியே போய்விட்டது. வெளியே இருந்த நீலம் உள்ளே வந்துவிட்டது.